செய்தியின் சாய்வுக்கு விலை கொடுப்பவர் யார்?

2001 ஜூன் 30 அதிகாலையில் மு. கருணாநிதி சென்னையில் கைது செய்யப்பட்டபோது, அந்த ஒரே நிகழ்வைத் தமிழ்நாடு இரண்டு விதமாகப் பார்த்தது. முதிய தலைவர் ஒருவரைக் காவலர்கள் பிடித்து இழுத்துச் செல்லும் காட்சிகளைச் சன் தொலைக்காட்சி திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. ஜெயா தொலைக்காட்சியோ காவல்துறை எடுத்த காட்சிகளைக் காட்டி, காவல்துறையின் தரப்பை முன்வைத்தது. எந்த வீட்டில் எந்தச் சேனல் ஓடியதோ, அந்த வீட்டுக்கு அந்தக் கதைதான் நடந்த கதை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டும் தேவை இரு சேனல்களுக்கும் இருக்கவில்லை. கைது நடந்தது, தள்ளுமுள்ளு நடந்தது, கேமராக்களும் ஓடிக்கொண்டிருந்தன. காட்சியை எந்த நொடியில் தொடங்குவது, எங்கே வெட்டுவது, எதை எத்தனை முறை காட்டுவது என்பதில்தான் இரண்டும் பிரிந்தன. ஊடகப் பொருளாதாரத்தில் ‘சாய்வு’ என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான். எடைக்கல் சரியாகவே இருக்கும். தராசைப் பிடித்திருக்கும் விரல் சற்று அழுத்தியிருக்கும்.

சந்தையைப் பற்றி நாம் பொதுவாக வைத்திருக்கும் நம்பிக்கை இங்கே உதவுமா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. ஒரு தெருவில் ஒரே ஓட்டல் இருந்தால் சாம்பாரில் தண்ணீர் கூடும், எதிரே இன்னொன்று வந்தால் இரண்டும் ஒழுங்காகும் என்பது அனுபவம். அந்தக் கணக்கின்படி செய்தி நிறுவனங்கள் பெருகப் பெருகச் சாய்வு குறைந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1993இல் சன், 1999இல் ஜெயா, 2006இல் பா.ம.க. சார்பில் மக்கள், 2007இல் கலைஞர், 2010இல் தே.மு.தி.க. சார்பில் கேப்டன் என்று தொலைக்காட்சிகள் வரிசையாக வந்தன. போட்டி பெருகியது உண்மை. ஆனால் கட்சிக்கொரு சேனல் கிடைத்ததே தவிர, எந்தச் சேனலும் நடுவுக்கு நகரவில்லை. ஓட்டலுக்குப் பொருந்திய விதி செய்திக்கு ஏன் பொருந்தவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, செய்தி என்ற சரக்கின் இரண்டு குணங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, அதன் செலவு விசித்திரமானது. ஒரு நாளிதழின் செலவில் பெரும்பகுதி முதல் பிரதி அச்சாவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது: நிருபர்களின் சம்பளம், மாவட்டந்தோறும் அலுவலகம், அச்சு இயந்திரம் ஆகியவை பத்தாயிரம் பிரதி விற்றாலும் பத்து லட்சம் பிரதி விற்றாலும் ஏறக்குறைய ஒன்றே. கூடுதலாக அச்சாகும் ஒவ்வொரு பிரதிக்கும் தாளும் மையும் வண்டி வாடகையும்தான் செலவு. தொலைக்காட்சிக்கு அதுவும் இல்லை. கூடுதலாக ஒரு வீடு பார்ப்பதால் நிலையத்துக்கு ஒரு பைசாகூடச் செலவாகாது. ஆகவே கூட்டம் சேர்ப்பவரே பிழைப்பார், கூட்டம் சேராதவர் யாராவது ஒருவரின் கையை எதிர்பார்த்து நிற்பார். இரண்டாவது குணம் இதைவிடச் சங்கடமானது. சாம்பார் நன்றாக இருக்கிறதா என்பதை நாக்கு உடனே சொல்லிவிடும். செய்தி சரியாக இருக்கிறதா என்பதைப் படிப்பவர் தாமாகச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. தமக்கு ஏற்கெனவே தெரிந்ததோடு, அல்லது தெரியும் என்று நம்பியதோடு, ஒத்துப்போகிறதா என்று மட்டுமே அவரால் பார்க்க முடியும். எனவே நேர்மையான வாசகருக்குக்கூடத் தம் நம்பிக்கையை உறுதிசெய்யும் பத்திரிகைதான் தரமான பத்திரிகையாகத் தோன்றும். இதில் அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

போட்டி விற்பவர்களை நடுவுக்குத் தள்ளுமா, ஓரத்துக்குத் தள்ளுமா என்ற கேள்வி பழையது. 1929இல் ஹரோல்டு ஹோட்டலிங் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஒரு நேர்கோட்டுத் தெருவையும் இரண்டு கடைகளையும் கற்பனை செய்தார். தெரு முழுவதும் வீடுகள் சீராகப் பரவியிருக்கின்றன, சரக்கு ஒன்றே, வாங்குபவர்கள் அருகிலிருக்கும் கடைக்குத்தான் போவார்கள் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கடைக்காரரும் மற்றவருடைய வாடிக்கையாளர்களைக் கொஞ்சம் பிடுங்கும் ஆசையில் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் இருவரும் தெருவின் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். பேருந்து நிலையத்தில் பழக்கடைகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தெருவுக்குப் பதிலாக இடதுசாரியிலிருந்து வலதுசாரி வரையிலான அரசியல் கோட்டை வைத்தால், போட்டி நடுநிலையைத் தரும் என்ற முடிவு கிடைக்கிறது.

அந்த முடிவைப் பின்னாளில் இன்னொரு கணக்கு புரட்டிப்போட்டது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதனும், அவருடன் ஆந்த்ரே ஷ்லைஃபரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, வாசகர்கள் செய்தியோடு ஆறுதலையும் வாங்குகிறார்கள் என்ற அனுமானத்திலிருந்து தொடங்குகிறது. வாசகர்களின் நம்பிக்கைகள் பலவாக இருக்கும் ஊரில் ஒரே பத்திரிகை இருந்தால், அது எல்லோருக்கும் ஓரளவு பிடிக்கும்படி நடுவில் நிற்கும். இரண்டு இருந்தாலோ, நடுவில் நின்று ஒன்றையொன்று விலையில் வெட்டிக்கொள்வதைவிட ஆளுக்கொரு பக்கமாக விலகி நின்று தத்தம் வாசகர்களிடம் நல்ல விலை வாங்குவதே இரண்டுக்கும் லாபம். அப்படி விலகும்போது சராசரி வாசகர் நிற்கும் இடத்தையும் தாண்டிச் செல்ல அவற்றுக்குத் தூண்டுதல் உண்டு. ஆக, போட்டியால் விலை குறையலாம், சாய்வு குறைய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இதே கணக்கில் ஒரு சிறிய ஆறுதலும் ஒளிந்திருக்கிறது: எதிரெதிர்ச் சாய்வுள்ள இரண்டையும் படிக்கும் பொறுமைசாலிக்கு, நடுநிலையான ஒன்றை மட்டும் படிப்பவரைவிட உண்மை அதிகம் கிடைக்கக்கூடும். ஆனால் மேலே சொன்ன 2001 ஜூன் நாளில் எத்தனை வீடுகள் இரண்டு சேனல்களையும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கும்?

காகிதக் கணக்கை விட்டுவிட்டு நிஜப் பத்திரிகைகளுக்கு வருவோம். சாய்வை எப்படி அளப்பது? மேத்யூ ஜென்ட்ஸ்கோவும் ஜெஸ்ஸி ஷபீரோவும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு எளிய வழியைக் கையாண்டார்கள். இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்தின் மீதான வரியை அமெரிக்க நாடாளுமன்றத்தில் குடியரசுக் கட்சியினர் ‘சாவு வரி’ என்பார்கள். ஜனநாயகக் கட்சியினர் ‘சொத்து வரி’ என்ற பொருள்படும் சொல்லைப் பயன்படுத்துவார்கள். வரி ஒன்றுதான், அழைக்கும் பெயர்தான் வேறு. 2005ஆம் ஆண்டின் நாடாளுமன்ற உரைகளிலிருந்து இப்படிக் கட்சி வாடை வீசும் தொடர்களைத் திரட்டி, நானூறுக்கும் மேற்பட்ட நாளிதழ்களில் எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார்கள். தமிழ் வாசகர்களுக்கு இந்த முறையை விளக்கவே வேண்டியதில்லை. 2021க்குப் பிறகு ஒரு நாளிதழ் ‘மத்திய அரசு’ என்று எழுதுகிறதா, ‘ஒன்றிய அரசு’ என்று எழுதுகிறதா என்று பார்த்தே அது எங்கே நிற்கிறது என்பதை நம்மில் பலர் ஊகித்துவிடுகிறோம். எனக்குத் தெரிந்தவரை எண்ணிக்கைதான் யாரும் எடுக்கவில்லை.

அவர்கள் கண்டறிந்தது பலருடைய எதிர்பார்ப்புக்கு மாறானது. பத்திரிகையின் சாய்வு அதன் விற்பனைப் பகுதியில் உள்ள வாசகர்களின் அரசியலைத்தான் பின்தொடர்ந்தது. பத்திரிகைகளுக்கு இடையிலான வேறுபாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை வாசகர்களின் சாய்வைக் கொண்டே விளக்க முடிந்தது. வாசகர்களைக் கணக்கில் எடுத்த பிறகு உரிமையாளர் யார் என்பது பெரிதாக எதையும் விளக்கவில்லை. ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமான பத்திரிகைகள் வலதுசாரி ஊரில் வலப்பக்கமும் இடதுசாரி ஊரில் இடப்பக்கமும் சாய்ந்தன. முதலாளி தம் கொள்கையை நம் தலையில் கட்டுகிறார் என்பது நமக்கு வசதியான குற்றச்சாட்டு. நாம் கேட்பதைத்தான் அவர் எடுத்து வைக்கிறார் என்பது கொஞ்சம் வசதிக் குறைவான விடை.

இந்த முடிவை எல்லா இடத்துக்கும் நீட்டுவது தவறு என்றே நினைக்கிறேன். அமெரிக்க நாளிதழ்கள் பெரும்பாலும் லாபத்துக்காக நடத்தப்படும் நிறுவனங்கள். லாபத்தைவிடச் சாய்வை அதிகம் விரும்பும் உரிமையாளர் வந்தால் கணக்கு மாறும். சின்க்ளேர் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனம் 2017இல் போன்டன் மீடியாவின் உள்ளூர் நிலையங்களை வாங்கிய பின் என்ன நடந்தது என்று ஆராய்ந்தவர்கள், அந்த நிலையங்களில் உள்ளூர்ச் செய்தி குறைந்து தேசிய அரசியல் கூடியதையும், சாய்வு வலப்பக்கம் நகர்ந்ததையும் கண்டார்கள். பார்வையாளர்கள் அதனால் கூடவில்லை, சற்றுக் குறைந்தார்கள். அதாவது சாய்வுக்கான விலையை அங்கே முதலாளியே கொடுத்தார். தமிழ்நாட்டின் கட்சிச் சேனல்கள் பலவும் இந்த வகையில் சேரும். சன் குழுமம் மட்டும் தொடர்களையும் திரைப்படங்களையும் வைத்துப் பெரும் லாபம் ஈட்டிய விதிவிலக்கு.

ஆக, நான் சொல்ல வருவது இதுதான்: ஒரு ஊடகம் எந்தப் பக்கம் சாயும் என்று தெரிய வேண்டுமானால், எத்தனை ஊடகங்கள் போட்டியிடுகின்றன என்பதைப் பார்ப்பதைவிட, அதற்குக் கடைசியில் காசு கொடுப்பவர் வாசகரா, விளம்பரதாரரா, கட்சியா, அரசாங்கமா என்று பார்ப்பது அதிகம் பயன்படும்.

விளம்பரத்தின் கதை இதில் சுவையானது. 1830களின் தொடக்கத்தில் நியூயார்க் நாளிதழ்கள் ஆறு சென்ட் விலையில், வணிகர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் விற்கப்பட்டன. பல பத்திரிகைகள் வெளிப்படையாகவே கட்சிகளின் துணையில் ஓடின. கட்சி ஆட்சிக்கு வந்தால் அரசின் அச்சு வேலை ஒப்பந்தம் விசுவாசமான பத்திரிகைக்குப் போகும். 1833 செப்டம்பர் 3 அன்று பெஞ்சமின் டே என்ற அச்சுத் தொழிலாளி ‘சன்’ என்ற நாளிதழை ஒரு சென்ட்டுக்குத் தெருவில் விற்கத் தொடங்கினார். (பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்.) நூறு வாசகர்களிடம் ஆறு சென்ட் வாங்குவதைவிட ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்து, அந்தக் கூட்டத்தை விளம்பரதாரருக்கு விற்பது லாபம் என்பது அவருடைய கணக்கு. அடுத்த பல பத்தாண்டுகளில் மரக்கூழில் செய்த தாள் வந்து தாளின் விலை விழுந்தது, அச்சு இயந்திரங்களின் வேகம் கூடியது, நகரங்களும் பெருத்தன. ஊரில் பாதியை வெளியே நிறுத்தும் பத்திரிகைக்குக் கட்சி கொடுக்கும் பணம் கட்டுப்படியாகாத நிலை வந்தது. தங்களை எந்தக் கட்சியையும் சாராதவை என்று அறிவித்துக்கொண்ட அமெரிக்க நகர நாளிதழ்களின் பங்கு 1870இல் 11 விழுக்காடாக இருந்தது, 1920இல் 62 விழுக்காடாக உயர்ந்தது. 1870களின் தொடக்கத்தில் வெடித்த க்ரெடி மொபிலியே ஊழலையும் 1920களின் டீப்பாட் டோம் ஊழலையும் பத்திரிகைகள் எழுதிய விதத்தை ஒப்பிட்டால், கட்சி வசையின் இடத்தைத் தகவல் பிடித்துக்கொண்டது தெரிகிறது. அறம் திடீரென்று பெருகியதால் வந்த மாற்றம் அன்று இது. நடுநிலை அப்போது விலைபோனது, அவ்வளவுதான்.

எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடைக்காரர் இந்த வரலாற்றைப் படித்தவரல்லர். எதிரெதிர் அணியில் நிற்பவை என்று ஊரே அறிந்த இரண்டு நாளிதழ்களைத் தினமும் வாங்கிப் பெஞ்சில் போடுகிறார். தாள் தாளாகப் பிரிந்து, டம்ளர் வைத்த ஈர வட்டங்களோடு அவை மதியம் வரை கை மாறுகின்றன. எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் டீ குடிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசிரியர் கொள்கை. விளம்பரத்தை நம்பிய பத்திரிகையின் தர்க்கமும் இதுவே.

2005இல் சன் குழுமத்தின் கைக்கு வந்த தினகரன் ஒரு ரூபாய்க்கு விற்கப்பட்டபோது, டேயின் ஒரு சென்ட் உத்தியைத்தான் தமிழ்நாடு மறுபடி பார்த்தது. குறைந்த விலை கூட்டத்தைச் சேர்க்கும், கூட்டம் விளம்பரத்தைச் சேர்க்கும். விளம்பர வருவாய் எப்போதும் நடுவுக்கே தள்ளும் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. முழுப் பக்க விளம்பரம் கொடுக்கும் நகைக்கடையைப் பற்றியோ கல்லூரியைப் பற்றியோ பாதகமான செய்தி வருவது அரிது. கட்சிச் சாய்வு குறையும் இடத்தில் வணிகச் சாய்வு குடியேறும். தவிரவும், பெரிய கூட்டத்தைத் திரட்டுவதில் இருந்த லாபம் இப்போது கரைந்துவருகிறது. விளம்பரப் பணம் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போனபின், ஒரு கைப்பேசியும் ஒரு மேசையும் இருந்தால் யூடியூபில் செய்திச் சேனல் தொடங்கிவிடலாம். முதல் பிரதியின் செலவு கிட்டத்தட்ட இல்லாத இடத்தில் ஊரையே திருப்திப்படுத்த வேண்டியதில்லை. தீவிரமான சிறு கூட்டம் போதும். அந்தச் சிறு கூட்டத்துக்கு நடுநிலை பிடிக்காது.

சாய்வு உண்மையில் வாக்கை மாற்றுகிறதா, அல்லது ஏற்கெனவே முடிவு செய்தவர்கள்தான் அதைத் தேடிப் போகிறார்களா என்று கேட்கலாம். ஃபாக்ஸ் நியூஸ் 1996 அக்டோபரில் தொடங்கியது. எந்த ஊரின் கேபிள் நிறுவனம் அதை முதலில் ஏற்றது என்பது ஓரளவு தற்செயலாக அமைந்ததால், அது வந்த ஊர்களையும் வராத ஊர்களையும் ஒப்பிட முடிந்தது. 2000 அதிபர் தேர்தலில், வந்த ஊர்களில் குடியரசுக் கட்சியின் வாக்கு விகிதம் 0.4 முதல் 0.7 விழுக்காட்டுப் புள்ளி வரை கூடியது என்று ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் ஈதன் கப்லானும் கணக்கிட்டார்கள். சிறிய எண்தான். ஆனால் அந்தத் தேர்தலின் முடிவு ஃப்ளோரிடாவில் 537 வாக்குகளில் தொங்கியது.

கேபிள் என்றதும் நமக்கு இன்னொன்று நினைவுக்கு வரும். செய்தியைத் தயாரிப்பவர்களிடையே போட்டி இருந்தும், அதை வீட்டுக்குக் கொண்டுவரும் குழாய் ஒருவர் கையில் இருந்தால் பயனில்லை. மாறன் குடும்பத்தின் சுமங்கலி கேபிள் விஷன் சென்னையில் வலுவாக இருந்த காலத்தில், அக்குடும்பத்துக்கும் கருணாநிதி குடும்பத்துக்கும் பிணக்கு ஏற்பட்ட 2007இல் தி.மு.க. அரசு அரசு கேபிள் நிறுவனத்தைத் தொடங்கியது. 2008 இறுதியில் குடும்பங்கள் சமாதானமானபின் அதன் வேகம் தணிந்தது. 2011இல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அதே நிறுவனத்துக்கு உயிர் கொடுத்து, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கினார். ஒரு சேனலை மூட வேண்டிய அவசியமே இல்லை. எத்தனையாவது எண்ணில், எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதைக் கையில் வைத்திருப்பவருக்கு அதுவே போதும். இதே 2011இல் வந்த புதிய தலைமுறை, இரு பெரிய கட்சிகளுக்கும் சொந்தமில்லாத செய்திச் சேனலாகச் சில மாதங்களிலேயே முன்வரிசைக்கு வந்தது. அதன் உரிமையாளர் தரப்புக்கும் ஒரு சிறிய கட்சி இருந்தது என்பது வேறு விஷயம். ஹோட்டலிங்கின் தெருவில் நடு இடம் அத்தனை ஆண்டுகளாகக் காலியாகக் கிடந்திருக்கிறது.

இனி அரசாங்கம் காசு கொடுக்கும் வகை. டெண்டர் அறிவிப்பு, திட்டத் தொடக்க விழா, தலைவர்களின் பிறந்தநாள் என்று நாளிதழ்களின் பக்கங்களை அரசு விளம்பரம் நிரப்புவதை நாம் அறிவோம். அர்ஜென்டினாவின் நான்கு பெரிய நாளிதழ்களை ஆராய்ந்தவர்கள், அரசு விளம்பரம் கூடிய மாதங்களில் அரசின் ஊழலுக்கு முதல் பக்கத்தில் கிடைத்த இடம் சுருங்கியதைக் கண்டார்கள். இந்த இடத்தில்தான் போட்டி தன் உண்மையான பயனைக் காட்டுகிறது. ஒரே ஒரு பத்திரிகை இருந்தால் அதன் வாயை அடைப்பது மலிவு. பத்து இருந்தால், ஒன்பது வாய்களை அடைத்தபின் பத்தாவதுக்குக் கிடைக்கும் செய்தியின் மதிப்பு மிக உயர்ந்துவிடும். அதனால் பத்தாவது கேட்கும் விலையும் உயரும்.

பெருவில் அதிபர் அல்பெர்ட்டோ ஃபுஜிமோரியின் உளவுத் துறையை இயக்கிய விளாதிமிரோ மொன்டெசினோஸ் இந்தக் கணக்கை நன்றாக அறிந்தவர். நீதிபதிகளுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் தொலைக்காட்சி உரிமையாளர்களுக்கும் லஞ்சம் கொடுத்தார். ரசீது வாங்கினார், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார், பணம் கைமாறுவதை மறைகேமராவில் பதிவும் செய்து வைத்தார். அவருடைய சாட்சியங்களே பிற்பாடு பொருளாதார ஆய்வுக்கு விலைப்பட்டியலாயின. தொலைக்காட்சி உரிமையாளருக்குப் போன தொகை அரசியல்வாதிக்குப் போனதைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு. ஒரு சேனலுக்கு மாதம் 15 லட்சம் டாலர் வரை போனது. வாக்களிப்பில் பெரும்பான்மை கிடைத்தால் மீதி உறுப்பினர்களை வாங்க வேண்டியதில்லை, ஆனால் ஒரு சேனல் மட்டும் வெளியே நின்றாலும் மற்ற எல்லாவற்றுக்கும் கொடுத்த பணம் வீண். பணியாத ஃப்ரெக்குவென்சியா லத்தினா சேனலின் உரிமையாளர் பாருக் இவ்ச்செருடைய பெருவியக் குடியுரிமை 1997இல் பறிக்கப்பட்டு, சேனல் கைமாறியது.

கனால் என் என்ற கேபிள் செய்திச் சேனலை மட்டும் மொன்டெசினோஸ் வாங்கவில்லை. அது சந்தாவில் ஓடியது, அரசு விளம்பரத்தை நம்பியிருக்கவில்லை. சந்தாதாரர்கள் சில பத்தாயிரம் பேர்தான் என்பதால், அத்தனை சிறிய கூட்டத்துக்காகச் செலவழிப்பது அவருக்குத் தேவையற்றதாகத் தோன்றியிருக்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு அவர் 15,000 டாலர் எண்ணிக் கொடுக்கும் பதிவு 2000 செப்டம்பர் 14 அன்று அந்தச் சேனலில் வெளியானது. அதன்பின் மற்றச் சேனல்களாலும் அதைக் காட்டாமல் இருக்க முடியவில்லை. இரண்டு நாளில் ஃபுஜிமோரி புதிய தேர்தலை அறிவித்தார்; நவம்பரில் ஜப்பானிலிருந்து தம் பதவி விலகல் கடிதத்தைத் தொலைநகலில் அனுப்பினார்.